கல்லுடைப்பவனைக் கண்ட கலைஞன்

ஓவியத்திலே இடம்பெறத் தகுந்தவர் யார்?

இப்படி ஒரு கேள்வியை எழுப்பினால் இன்று பலர் சிரிக்கக்கூடும். யாரை வேண்டுமானாலும் தீட்டலாமே, இதிலே தகுதி என்ன, தராதரம் என்ன என்று கேட்கக்கூடும். சிரிப்பதற்கு முன்பு, 1850ஆம் ஆண்டுப் பாரிஸ் பட்டணம் வரையில் நம்மோடு வந்து திரும்புமாறு தோழர்களை அழைக்கிறோம்.

அங்கே இந்தக் கேள்விக்குத் திட்டவட்டமான பதில் இருந்தது. கலைக்கழகம் என்ற பெயரால் கூடியிருந்த கனதனவான்கள் அந்தப் பதிலைத் தயாரித்து, படிக்கட்டுப்போல் அடுக்கியும் வைத்திருந்தனர். மேற்படியிலே தேவர்கள், தேவதைகள், புனிதர்கள், கிரேக்க ரோமாபுரி வீரர்கள், முடிதரித்த மன்னர்கள்! அவர்களுக்குச் சுவரையே மறைக்கும் பெரிய திரை; ஆளுயர உருவம். அடுத்த படியிலே சீமான்களும் சீமாட்டிகளும். அதற்கும் கீழேதான் உழவனும் கூலிக்காரனும் பால்காரியும்! அவர்களுக்கு முழ அகலத் திரை போதும். அதிலேயும் அவர்கள் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். மாலை வெயிலிலே ஆடிப் பாடிக்கொண்டிருக்க வேண்டும். ஆடையிலே கிழிசல் இருக்கலாம். ஆனால் அது கண்ணுக்கு அழகான கிழிசலாக இருக்க வேண்டும். விருந்து மண்டபத்திலே மாட்டுகிற படமல்லவா? விருந்தினரின் பசி கெட்டுவிடக் கூடாதே!

வாழ்க்கையிலே இருந்த மேல் கீழை வண்ணத்திலும் கட்டிக் காத்தனர். அதற்குக் கலை இலக்கணம் என்று பெயரும் சூட்டினர்.

அந்தப் படிக்கட்டின்மீது சம்மட்டியை ஓங்கினார் ஒருவர். குஸ்தாவ் கூர்பே அவர் பெயர். ஓங்கியதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்பதையும் சொல்லத்தான் போகிறோம்.

* * *

1819ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் பிறந்தவர் கூர்பே. ஊர் ஒர்னான். பிரெஞ்சு நாட்டின் கிழக்கே, ஸ்விட்சர்லாந்து எல்லைக்குப் பக்கத்திலே, சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே, லூ எனும் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர். தகப்பனார் நிலபுலன் உடைய விவசாயி. பட்டினி கிடந்து வளர்ந்த பிள்ளை என்று கூர்பேயைப் பற்றிக் கதை கட்ட நாம் விரும்பவில்லை. அவர் வீட்டிலே சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வீட்டின் வாசலைத் தாண்டினால் வயல், வயலிலே வியர்வை. அதைப் பார்த்து வளர்ந்த கண்கள் அவருடையவை. தாய்வழிப் பாட்டனார் 1789ஆம் ஆண்டுப் புரட்சியின் கொள்கைகளை நெஞ்சிலே தாங்கியவர். பேரனுக்கு அந்த நெருப்பிலே ஒரு பொறி கிடைத்தது.

மகன் வக்கீலாக வேண்டுமென்பது தகப்பனாரின் ஆசை. இருபது வயதிலே மகன் பாரிசுக்குப் போனான். போனவன் சட்டப் புத்தகத்தை விரிக்கவில்லை, தூரிகையைத் தூக்கினான். கலைக்கழகத்தாரின் பள்ளியிலே சேர்ந்து மண்டியிடவும் இல்லை. லூவர் மாளிகையிலே தொங்கிய பழைய ஓவியங்களின் முன்னே நின்று, பார்த்துப் பார்த்துத் தீட்டிப் பழகினான். பிறகு ஹாலந்து நாட்டுக்குச் சென்று, ரெம்பிராந்த் தீட்டிய முகங்களைக் கண்டான். வணிகரும் கிழவிகளும் காவற்படையினரும் அங்கே ஓவியத்திலே உயிரோடு உலவினர். மனித முகமே ஒரு காவியம் என்ற பாடம் அங்கே கிடைத்தது.

ஆண்டுதோறும் பாரிசிலே நடைபெறும் பெரிய கலைக் கண்காட்சிக்குச் சலோன் என்று பெயர். அதிலே இடம்பெறாத ஓவியனுக்கு வாழ்வே இல்லை. நடுவர்கள் கூடுவர், இது கூடும், இது கூடாது என்பர், கூடாதது வாசலோடு திரும்பும். கூர்பேயின் படங்கள் பெரும்பாலும் வாசலோடுதான் திரும்பின. 1847இலே அவர் அனுப்பிய மூன்றும் திரும்பி வந்தன.

அடுத்த ஆண்டு 1848. ஐரோப்பாவையே குலுக்கிய ஆண்டு! பிப்ரவரியிலே பாரிஸ் மக்கள் வீதிக்கு வந்தனர். மன்னன் லூயி பிலிப் நாட்டை விட்டே ஓடினான். குடியரசு மலர்ந்தது. ஆனால் ஜூன் மாதத்திலே, வேலை கேட்டு எழுந்த அதே பாட்டாளிகள்மீது அதே குடியரசின் துப்பாக்கிகள் திரும்பின. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். முடியரசு போனால் மட்டும் போதாது, பிடியரிசிக்கும் வழி வேண்டும் என்ற பாடத்தைப் பாரிஸ் பட்டணம் இரத்தத்தால் எழுதியது.

அந்தக் கொந்தளிப்பிலே சலோனின் கெடுபிடி சற்றுத் தளர்ந்தது. 1849இலே கூர்பே அனுப்பிய ஒரு படத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஒர்னான் வீட்டிலே உணவுக்குப் பின் ஒருவர் பிடில் வாசிக்க, மற்றவர் உட்கார்ந்து கேட்கும் எளிய காட்சி அது. பதக்கத்தைவிடப் பெரிய பரிசு ஒன்று அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பதக்கம் பெற்றவரின் படங்கள் இனி நடுவர்களின் முன்னே நிற்க வேண்டியதில்லை. நேரே உள்ளே போகலாம்!

கதவு திறந்தது. கூர்பே எதை உள்ளே அழைத்துச் சென்றார்?

* * *

ஒர்னானுக்குப் பக்கத்துச் சாலையிலே ஒருநாள் போய்க்கொண்டிருந்தார். சாலையோரத்திலே இரண்டு பேர் கல் உடைத்துக்கொண்டிருந்தனர். பாதை போடுவதற்கான ஜல்லிக் கல். ஒருவர் கிழவர், மற்றவன் இளைஞன். வண்டி நின்றது. கூர்பே பார்த்தார். மறுநாள் தம் ஓவியக் கூடத்துக்கு வருமாறு இருவரையும் அழைத்தார். வந்தனர். 'கல்லுடைப்போர்' எனும் ஓவியம் பிறந்தது. இரண்டரை மீட்டர் அகலம்; ஏறக்குறைய ஆளுயர உருவங்கள். மன்னருக்கென்றும் மகான்களுக்கென்றும் ஒதுக்கி வைத்திருந்த அளவு!

அந்த ஓவியத்தைச் சற்று நின்று பார்ப்போம்.

கிழவர் ஒரு முழங்காலைத் தரையிலே ஊன்றியிருக்கிறார். முழங்காலுக்கு அடியிலே கொஞ்சம் வைக்கோல்; கல் குத்தாமல் இருக்க அதுதான் மெத்தை. காலிலே மரச்செருப்பு. காலுறையிலே ஓட்டை, அந்த ஓட்டை வழியாகக் குதிகால் தெரிகிறது. கையிலே சுத்தி, ஓங்கிய நிலை. இளைஞன் கல் நிரம்பிய கூடையைத் தூக்க முடியாமல் தூக்குகிறான். சட்டை கிழிந்திருக்கிறது. கால்சட்டையைத் தாங்க ஒரே ஒரு தோள்பட்டி. அவர்களுக்குப் பின்னே இருட்டான மலைச்சரிவு. வானம் ஒரு மூலையிலே கொஞ்சமாகத்தான் தெரிகிறது. ஓரமாக ஒரு பானை. மதியச் சாப்பாடு.

முகம்? அதுதான் இல்லை! கிழவரின் முகத்தைத் தொப்பியின் நிழல் மறைக்கிறது. இளைஞன் முதுகைக் காட்டி நிற்கிறான். முகத்தைத் தீட்டத் தெரியாதவரா கூர்பே? தம் முகத்தையே எத்தனையோ முறை தீட்டி மகிழ்ந்தவர் ஆயிற்றே! பிறகு ஏன் மறைத்தார்?

நாம் இப்படிப் பொருள் கொள்கிறோம். முகத்தைக் காட்டியிருந்தால், அதிலே ஒரு சோகத்தைத் தேடியிருப்பர், சீமான்களும் சீமாட்டிகளும். அந்தச் சோகத்தைக் கண்டு ஒரு சொட்டுக் கண்ணீரை விட்டிருப்பர். கண்ணீர் விட்டதோடு கடமை தீர்ந்தது என்று வண்டியேறியிருப்பர். கூர்பே அவர்களுக்கு அந்த வசதியைச் செய்து தரவில்லை. வேலையைக் காட்டினார், வேலை முறிக்கும் உடலைக் காட்டினார். இரக்கம் காட்டுவதற்கு ஓர் இடைவெளி வேண்டும். கொடுப்பவன் மேலே, பெறுபவன் கீழே. கூர்பே கேட்டது இரக்கத்தை அல்ல, கணக்கை. எந்தச் சாலையிலே உங்கள் கோச்சு வண்டி குலுங்காமல் ஓடுகிறதோ, அந்தச் சாலையை உடைத்துப் போட்டவன் இதோ என்று காட்டிவிட்டு ஒதுங்கி நின்றார்.

கிழவரையும் இளைஞனையும் ஒன்றாக நிறுத்தியதிலே இன்னொரு செய்தியும் உண்டு. இந்தத் தொழிலிலே இப்படித் தொடங்கி அப்படித்தான் முடிகிறார்கள் என்ற பொருளிலே நண்பருக்குக் கடிதம் எழுதினார் கூர்பே. இளைஞன் வளர்ந்தால் கிழவர். கிழவரின் கடந்த காலம் இளைஞன். பிறப்பு முதல் இறப்பு வரை ஒரே கல், ஒரே சுத்தி, ஒரே சாலை! ஒரு சொற்பொழிவிலே சொல்லக்கூடியதை இரண்டு உருவங்களிலே சொல்லி முடித்துவிட்டார்.

* * *

இதோடு அவர் நிற்கவில்லை. அதே கண்காட்சிக்கு, ஆறரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள இன்னொரு ஓவியத்தையும் கொண்டுவந்தார். 'ஒர்னானில் ஒரு சவ அடக்கம்' என்பது அதன் தலைப்பு.

யாருடைய சாவு? மன்னனுடையதா? மாவீரனுடையதா? ஊரிலே யாரோ ஒருவருடையது. இறந்தவர் பெயரைக்கூட ஓவியம் சொல்லவில்லை. நாற்பதுக்கு மேற்பட்டோர் வரிசையாக நிற்கின்றனர், அத்தனை பேரும் ஆளுயரத்திலே! அத்தனை பேரும் ஒர்னான் ஊரார். ஊர்த் தலைவர், பாதிரியார், கோயில் ஊழியர், குழிவெட்டி, கூர்பேயின் தாய், தங்கைகள், அண்டை வீட்டார் எனப் பலரும் ஓவியக் கூடத்துக்கு வந்து மாதிரியாக நின்றனர். கைக்குட்டையால் கண்ணைத் துடைப்பவர் இருக்கின்றனர். எங்கோ பார்ப்பவர் இருக்கின்றனர். கோயில் ஊழியர் இருவரின் மூக்கு சிவந்திருக்கிறது, அணிந்திருக்கும் அங்கியைப் போலவே! ஒரு நாய்கூட வந்து நிற்கிறது.

அந்தக் காலத்து மரபு என்ன? சாவைத் தீட்டினால் மேலே வானம் பிளக்க வேண்டும். ஒளி பொழிய வேண்டும். தேவதைகள் இறங்கி வந்து ஆத்மாவை ஏந்திச் செல்ல வேண்டும். கூர்பேயின் வானத்திலே மேகம்தான் இருக்கிறது. ஓவியத்தின் நடுவே, பார்ப்பவரின் காலடியிலே, குழி வாய் திறந்திருக்கிறது. மண்; வெறும் மண்! பாதிரியாரும் குழிவெட்டியும் பக்கம் பக்கமாக. ஒருவர் உயர்ந்தவர், ஒருவர் தாழ்ந்தவர் என்று காட்டும் மேடை இல்லை. எல்லாரும் ஒரே தரையிலே.

கண்காட்சி திறந்தது. கூச்சல் கிளம்பியது. அசிங்கத்தை வழிபடுபவன் என்றனர். கலையைக் கேலி செய்கிறான் என்றனர். ஏடுகளிலே கேலிச் சித்திரங்கள் குவிந்தன. நாட்டுப்புறத்தானின் முரட்டு முகத்தை இத்தனை பெரிதாகப் பார்ப்பதே கண்ணுக்குக் கேடு என்று பதறினர். இவன் பொதுவுடைமைக்காரன் என்றும் பழி சுமத்தினர்.

ஏன் இத்தனை பதற்றம்? வண்ணம் சரியில்லையா? வரைவிலே பிழையா? இல்லை, தோழர்களே! அதே உழவனை முழ அகலத்திலே தீட்டியிருந்தால், அழகு அழகு என்று கொண்டாடியிருப்பர். பெரிதாகத் தீட்டியதுதான் குற்றம். வரலாறு படைப்போருக்கு உரிய இடத்திலே ஊராரை நிறுத்தியதுதான் குற்றம். வாக்குரிமை புதிதாகப் பெற்றிருந்த நாட்டுப்புற மக்கள், ஓவியத்திலேயும் நிமிர்ந்து நிற்பதைக் கண்டதும், மேட்டுக்குடியினருக்குக் குளிர் எடுத்தது.

* * *

கூர்பேயின் கொள்கைதான் என்ன?

கண்ணாலே கண்டதைத் தீட்டு, காணாததைத் தீட்டாதே. சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். ஓவியம் என்பது உள்ள பொருள்களைக் காட்டும் கலை. இல்லாதவற்றுக்கு அங்கே இடமில்லை என்பது அவர் துணிபு. தேவதையைத் தீட்டச் சொன்னவர்களிடம், முதலிலே தேவதையைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார் என்றொரு செய்தி அவரைப் பற்றி வழங்கி வருகிறது. ஒவ்வொரு காலத்தையும் அந்தக் காலத்திலே வாழும் கலைஞன்தான் தீட்ட முடியும்; இறந்த காலத்தின் ராஜா ராணியை இவன் கற்பனை செய்து தீட்டுவது வீண் வேலை என்றும் அவர் வாதாடினார். தம் காலத்து மக்களின் நடையை, உடையை, எண்ணத்தைத் தாம் அறிந்தவாறு காட்டி, உயிருள்ள கலையைப் படைப்பதே தம் நோக்கம் என்று 1855இலே எழுதி வெளியிட்டார். அதற்கு மெய்ம்மையியல் என்று பெயர் வழங்கிற்று.

இதைக் கேட்டதும் சிலர் ஒரு வினா தொடுப்பர். கண்டதைக் கண்டபடி காட்டுவதற்குப் புகைப்படக் கருவி போதுமே. கலைஞன் எதற்கு என்பர். நியாயமான வினாதான். ஆனால், காண்பது அத்தனை எளிய செயலா? அந்தச் சாலையிலே எத்தனை ஆயிரம் பேர் போனார்கள்! கல்லைப் பார்த்தவர் உண்டு, தடுக்கியதால். கல்லுடைப்பவனைப் பார்த்தவர் எத்தனை பேர்? பழக்கம் கண்ணைக் கட்டுகிறது. பதவி கண்ணைக் கட்டுகிறது. பணம் கண்ணைக் கட்டுகிறது. அந்தக் கட்டை அவிழ்ப்பவன் கலைஞன்.

அவர் தீட்டிய முறையும் கொள்கைக்கு ஏற்றாற்போல் இருந்தது. மென்மயிர்த் தூரிகையால் வழுவழுப்பாகத் தடவி, மனித உடலைப் பளிங்குச் சிலையாக்குவது கலைக்கழகத்தாரின் வழி. கூர்பேயோ முதலிலே துணி முழுவதும் இருண்ட வண்ணத்தைப் பூசினார். பிறகு அந்த இருளிலிருந்து வெளிச்சத்தைக் கொண்டுவந்தார். வண்ணம் குழைக்கும் தட்டைக் கத்தியாலேயே வண்ணத்தை அள்ளி, கொத்தனார் கரணையால் சாந்து அப்புவதுபோல் அப்பினார். பாறை பாறைபோல் சொரசொரத்தது. மண் மண்போல் கனத்தது. ஓவியத் தொழிலும் ஒரு கைத்தொழில்தான் என்பதை அந்தக் கத்தியின் தடம் சொல்லிற்று.

பெண்ணையும் அவர் இந்தக் கண்ணால் பார்த்தார். 1854இலே 'தானியம் சலிக்கும் பெண்கள்' எனும் ஓவியத்தைத் தீட்டினார். தம் தங்கையரையே மாதிரியாக வைத்தார். ஒருத்தி நமக்கு முதுகு காட்டி, தரையிலே முழங்காலிட்டு, பெரிய சல்லடையை இரு கையாலும் உயரப் பிடித்து ஆட்டுகிறாள். செந்நிற உடை. தோளின் வலிமை, முதுகின் வளைவு, விரிந்த கைகளின் வீச்சு! பக்கத்திலே ஒருத்தி சாய்ந்து உட்கார்ந்து, தட்டிலே தானியத்தைக் கையால் பொறுக்கிப் பிரிக்கிறாள். ஒரு சிறுவன் காற்றாடி எந்திரத்துக்குள்ளே எட்டிப் பார்க்கிறான். மாதர் என்றால் மஞ்சத்திலே சாய்ந்திருப்பவர் என்று எண்ணிய சீமான்களுக்கு, மாதர் என்றால் மாவும் தவிடும் படிந்த கைகள் என்று காட்டினார். அந்த ஓவியம் இன்றும் பிரெஞ்சு நாட்டின் நாந்த் நகரக் கலைக்கூடத்திலே இருக்கிறது.

* * *

இதற்கிடையே நாட்டிலே ஆட்சி மாறியது. 1851 டிசம்பரிலே லூயி நெப்போலியன் குடியரசின் கழுத்தை நெரித்தான். மறு ஆண்டு மூன்றாம் நெப்போலியன் என்ற பெயரிலே சக்கரவர்த்தியானான்.

1855இலே பாரிசிலே உலகப் பொருட்காட்சி. அதற்காகக் கூர்பேயை வளைத்துப்போடச் சர்க்கார் முயன்றது. கலைத்துறைத் தலைவர் அவரை விருந்துக்கு அழைத்தார். சர்க்கார் செலவிலே பெரிய ஓவியம் தீட்டலாம், ஆனால் முன்னதாக மாதிரி வரைவைக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும் என்றார். கூர்பே மறுத்தார். தாமும் ஓர் அரசாங்கமே, தம் ஓவியத்துக்குத் தாமே நீதிபதி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்ததாக நண்பருக்கு எழுதினார்.

பொருட்காட்சி நடுவர்கள் அவருடைய 11 படங்களை ஏற்றனர். 'சவ அடக்க'த்தைத் தள்ளினர். புதிதாகத் தீட்டிய 'ஓவியனின் கூடம்' எனும் பேரோவியத்தையும் தள்ளினர். கூர்பே சோர்ந்து உட்காரவில்லை. பொருட்காட்சிக்குப் பக்கத்திலேயே தம் சொந்தப் பொறுப்பிலே ஒரு கொட்டகை எழுப்பினார்! சுமார் 40 படங்களை மாட்டினார். மெய்ம்மையியல் என்று வாசலிலே பலகை தொங்கவிட்டார். கூட்டம் குறைவுதான், கேலி நிறைய. ஆனால் தெலக்ருவா எனும் பெரும் ஓவியர், மாற்று வழி சென்றவராயினும், அங்கே போய் நெடுநேரம் நின்றார். காலத்தின் சிறந்த படைப்புகளில் ஒன்றைத் தள்ளிவிட்டனரே என்று தம் நாட்குறிப்பிலே வருந்தி எழுதினார்.

அந்த ஓவியத்திலே, நடுவிலே கூர்பே உட்கார்ந்து தீட்டுகிறார். வலப்புறம் அவருடைய நண்பர்கள். கவிஞர் போதலேர், சமதர்மச் சிந்தனையாளர் புருதோன் ஆகியோர் அங்கே உண்டு. இடப்புறம் வேலையற்றவர், பாதிரி, வியாபாரி, குழந்தைக்குப் பாலூட்டும் ஏழைத் தாய் எனப் பலதரப்பட்ட உலகம். கூர்பேயின் கைக்கு மிக அருகிலே, அண்ணாந்து ஓவியத்தைப் பார்த்து நிற்பவன் யார் தெரியுமா? எளிய உடை உடுத்த கிராமத்துச் சிறுவன்! அத்தனை அறிஞர்கள் இருக்க, அவனுக்குத்தான் முன்வரிசை.

1861இலே மாணவர்கள் பலர் அவரிடம் ஓவியம் கற்க வந்தனர். தாம் ஆசிரியர் அல்லர், கலையை ஒருவர் மற்றவருக்குப் புகட்ட முடியாது, அவரவர் கண்ணே அவரவர்க்கு ஆசான் என்றார். ஆனாலும் கூடம் திறந்தார். மாதிரியாக நிறுத்துவதற்குப் பளிங்குச் சிலையா? இல்லை, உயிருள்ள எருது ஒன்றையே கூடத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்!

1863இலே இன்னொரு புயல். கூட்டம் முடிந்து குடிமயக்கத்திலே தள்ளாடித் திரும்பும் பாதிரிமாரைத் தீட்டினார். ஒருவர் கழுதைமீது சரிகிறார். பாதையோரத்திலே உழவன் நின்று சிரிக்கிறான். சலோன் தள்ளியது. தள்ளப்பட்ட படங்களுக்கென்றே அந்த ஆண்டு ஒரு தனிக் கண்காட்சி நடந்தது. அதிலே கூட இதற்கு இடமில்லை என்றனர்! பின்னாளிலே பக்தர் ஒருவர் அந்த ஓவியத்தை விலைகொடுத்து வாங்கினார். எதற்கு? அழிப்பதற்கு! அழித்தும் விட்டார்.

கூர்பேயிடம் குறையே இல்லையா? உண்டு. தற்பெருமை அதிகம், குடிப்பழக்கம் அதிகம். பணக்காரர் கேட்ட வேட்டைக் காட்சிகளையும் நிர்வாண அழகிகளையும் தீட்டி விற்றதும் உண்டு. இவற்றை மறைத்து அவரைப் புனிதராக்கினால், புனிதர்களைத் தீட்ட மறுத்த அவருக்கே நாம் துரோகம் செய்தவர்கள் ஆவோம்.

* * *

1870 ஜூன். சக்கரவர்த்தியின் சர்க்கார் அவருக்கு லீஜியன் தெ ஹானர் விருதை அறிவித்தது. அந்த நாட்டிலே அதைவிடப் பெரிய கௌரவம் இல்லை. கூர்பே வேண்டாம் என்றார், பகிரங்கக் கடிதத்திலே! கலையைப் பற்றித் தீர்ப்புக் கூறச் சர்க்காருக்குத் தகுதியில்லை. ஐம்பது ஆண்டு சுதந்திரமாக வாழ்ந்தவன் அப்படியே முடிய விரும்புகிறேன். எந்தப் பள்ளிக்கும், எந்தக் கோயிலுக்கும், எந்தக் கழகத்துக்கும், எந்த ஆட்சிக்கும் சொந்தமாக இருந்ததில்லை என்று என்னைப் பற்றிச் சொல்லட்டும் என்ற கருத்திலே எழுதினார்.

சில வாரங்களிலே போர். செப்டம்பரிலே சக்கரவர்த்தி பிரஷ்யரிடம் சிறைப்பட்டான், மீண்டும் குடியரசு. கலைச் செல்வங்களைக் காக்கும் பொறுப்பு கூர்பேயிடம் வந்தது. அப்போது அவர் ஒரு மனு கொடுத்தார். வாந்தோம் சதுக்கத்திலே ஒரு வெண்கலத் தூண் நின்றது. முதல் நெப்போலியன், போரிலே பிடித்த பீரங்கிகளை உருக்கி, தன் புகழுக்காக நாட்டிய தூண். போர் வெறியைப் போற்றும் அந்தத் தூணைக் கழற்றி வேறிடம் கொண்டுபோகலாம் என்பது மனுவின் சாரம். கழற்றத்தான் சொன்னார், நொறுக்கச் சொல்லவில்லை.

1871 மார்ச் 18. பாரிஸ் பாட்டாளிகள் ஆட்சியைத் தம் கையிலே எடுத்தனர். பாரிஸ் கம்யூன்! ஏப்ரல் 12ஆம் நாள், தூணை வீழ்த்தக் கம்யூன் தீர்மானித்தது. அந்த நாளிலே கூர்பே கம்யூனின் உறுப்பினரே அல்லர். அதன் பிறகு நடந்த தேர்தலிலேதான் அவர் உறுப்பினரானார். மே 16இலே தூண் விழுந்தது. அடுத்த வாரமே சர்க்கார் படை நகருக்குள் புகுந்து, பாட்டாளிகளைச் சுட்டுக் குவித்தது. இரத்த வாரம் என்று வரலாறு அதைச் சொல்கிறது.

ஜூன் மாதம் கூர்பே கைதானார். ஆறு மாதச் சிறை. 500 பிராங்க் அபராதம். சிறையும் நோயும் சேர்ந்து வாட்டிய அந்த மாதங்களிலே ஆப்பிள் பழங்களைத் தீட்டினார். வெளியே வந்து 1872 சலோனுக்குப் படம் அனுப்பியபோது, கலையைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துத் தள்ளினர். அப்போது தீட்டிய ஒரு மீனின் ஓவியம் உண்டு. தூண்டிலிலே சிக்கி, செவுளிலே இரத்தம் கசிய, மூச்சுக்குத் திணறும் மீன். விலங்கிட்ட நிலையிலே தீட்டியது என்று பொருள்படும் லத்தீன் சொற்களை அதன்மீது எழுதினார். மீனை மட்டுமா தீட்டினார்?

பழி தீரவில்லை. தூணைத் திரும்ப நிறுத்தும் செலவு முழுவதையும் கூர்பேயின் தலையிலே சுமத்த 1873இலே முடிவாயிற்று. சொத்து பறிமுதல், ஓவியங்கள் பறிமுதல். ஜூலையிலே எல்லையைத் தாண்டி ஸ்விட்சர்லாந்துக்குச் சென்றார். ஜெனிவா ஏரிக்கரையிலே லா தூர் தெ பேல் எனும் சிற்றூரிலே தங்கினார். செலவுக் கணக்கு 3,23,091 பிராங்க் என்று கோர்ட்டார் முடிவு கட்டினர். ஆண்டுக்கு 10,000 வீதம் 33 ஆண்டுகளுக்குத் தவணை! 58 வயது நோயாளி, 91 வயது வரை கட்ட வேண்டிய கணக்கு!

முதல் தவணைக்கு நாள் 1878 ஜனவரி 1. கூர்பே 1877 டிசம்பர் 31ஆம் நாள் கண்ணை மூடினார். ஒரு தவணைகூட அவர்கள் கைக்குப் போகவில்லை. அயலூரிலே அடக்கமான அவருடைய உடலின் எச்சத்தை, 1919இலே ஒர்னான் மண் திரும்பப் பெற்றது.

* * *

மீண்டும் நிமிர்த்திய வாந்தோம் தூண் பாரிசிலே இன்றும் நிற்கிறது. 'கல்லுடைப்போர்' இன்று இல்லை. ஜெர்மனியின் திரெஸ்டன் நகரக் கலைக்கூடத்திலே இருந்த அந்த ஓவியம், 1945 பிப்ரவரியிலே அந்த நகரின்மீது குண்டுமாரி பொழிந்தபோது அழிந்தது. போர் வெறியின் தூணை வெறுத்தவரின் ஓவியத்தைப் போரே எரித்தது. நமக்கு மிச்சம் இருப்பவை புகைப்படங்களும், அவரே சிறிய அளவிலே தீட்டிய மற்றொரு வடிவமும்தான்.

ஆனால் 'ஒர்னானில் ஒரு சவ அடக்கம்' இருக்கிறது. 'ஓவியனின் கூடம்' இருக்கிறது. முன்பு ரயில் நிலையமாக இருந்து, 1986இலே கலைக்கூடமான ஓர்சே மாளிகையிலே இரண்டும் தொங்குகின்றன. தள்ளிய நடுவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. தேடிப் பார்க்கும் ஆவலும் இல்லை. ஆனால் அந்தச் சிற்றூர்க் குழிவெட்டியைக் காண உலகத்தார் கடல் கடந்து வருகின்றனர்.

ஓர் ஓவியத்தால் கல்லுடைப்பவனின் கூலி காலணா உயர்ந்ததா என்று கேட்கும் தோழர்கள் இருப்பர். உயரவில்லை. கூலியை உயர்த்துவது சங்கத்தின் வேலை, போராட்டத்தின் வேலை. ஓவியத்தின் வேலை அதற்கு முந்தியது. இவனும் ஆளுயர மனிதன் என்று முதலிலே ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். அப்படி ஒப்புக்கொள்ளாத உலகம், அவனோடு கூலி பேச உட்காரவே உட்காராது. கூர்பே செய்தது அந்த வேலை.

ஆகவே, நாளை ஏதேனும் ஒரு மண்டபத்திலே, மாளிகையிலே, பெரிய படம் ஒன்றைக் காணும்போது, நடுவிலே வீற்றிருப்பவர் யார் என்று பார்ப்பதோடு நின்றுவிட வேண்டாம். அந்த மண்டபத்துக்குக் கல் உடைத்தவன் எங்கே என்றும் தேடிப் பார்ப்போம். படத்திலே அவன் இல்லையென்றால், ஏன் இல்லை என்று உரக்கவே கேட்போம்!